திரும்பிப் பாராமல் ஒரு லோடு

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியை வருஷம் தவறாமல் பார்க்கிறவள் நான். என் சின்ன மாமனார் அலகு குத்திக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் நெருப்பைக் கடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் இந்த மாசி மாதம், பகல் பதினோரு மணி வெயிலில், வெள்ளிமலை ரோட்டில், ஒரு பலாமரத்துக்குக் கீழே நிறுத்திய வண்டிக்குள் நான் பார்த்தது அதையெல்லாம் விடப் பெரிது. அங்கே நெருப்பும் இல்லை, பம்பையும் இல்லை. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சும்மா என்று சொல்லிவிட்டேன். அந்தச் சும்மாவுக்குப் பின்னால் பதின்மூன்று மாதம் இருக்கிறது.

அவர் பெயர் கொளஞ்சியப்பன். கச்சிராயபாளையத்துக்கு அடுத்த ஊர் எங்களுடையது. மகளைச் சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி மில்லில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. பத்தொன்பது வருஷமாக அந்த மலை ரோடுதான். எந்த வளைவில் எந்தக் கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். வளைவுக்கு வளைவு ஆரன் அடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த பாட்டைப் பாடிக்கொண்டு ஏறுகிற மனிதர். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது. அது நின்றுபோன பிறகுதான் எவ்வளவு பிடித்திருந்தது என்று தெரிந்தது.

தை, மாசியில் மலையில் கொள்ளு அறுப்பு நடக்கும். தார் ரோடு இருக்கும்போது களத்தை யார் தேடிப் போவார்கள்? செடியைப் பிடுங்கி வந்து ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, பைக் எல்லாம் அதன்மேல் ஏறி இறங்கும். காய் வெடித்துக் கொள்ளு அடியில் தங்கும். சாயங்காலம் செடியை உதறி ஒதுக்கிவிட்டுக் கொள்ளைக் கூட்டி அள்ளுவார்கள். இப்படிச் செய்யாதீர்கள், ஆபத்து என்று பேப்பரில் வருஷா வருஷம் போடுகிறார்கள். வருஷா வருஷம் எல்லோரும் செய்கிறார்கள். ஒதுங்கிப் போகிற டிரைவரைத்தான் திட்டுவார்கள், மேலே ஏற்றிக்கொண்டு போனால் இவன் டயர் என்ன தேய்ந்தா போகும் என்று.

போன வருஷம் தை மாதம் ஐந்தாவது வளைவுக்கு மேலே பெரியம்மாள் என்கிற மலைக்காரப் பெண் பரப்பியிருந்த கொள்ளுச்செடியின் மேல் இவர் வண்டியை ஏற்றினார். பின்சக்கரம் திடும் என்று எழும்பி இறங்கியது. நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தார். செடிக்கு அடியில் ஒரு குழந்தைத் துணி. பழைய புடவையை நாலாக மடித்துத் தைத்த துணி. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்திருக்கிறாள். செடி சரிந்து இரண்டையும் மூடிவிட்டது. பத்தடி தள்ளிப் பெரியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாண்ணா இப்படி வெளுத்துப்போயி நிக்கிற. புள்ள எங்கிட்டதான் கீது," என்று சிரித்தாளாம்.

இவரும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதையே அன்றைக்கு நாலு தடவை சொன்னார்.

முதலில் கொள்ளு பரப்பிய இடத்தில் மட்டும் இறங்கிப் பார்த்தார். பிறகு வேகத்தடையில். பிறகு பள்ளத்தில். பிறகு ஒன்றுமே இல்லாத இடத்தில், ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது என்று. இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவார். நூறு அடி போனதும் சரியாகப் பார்த்தோமா என்று தோன்றும், மறுபடி திரும்புவார். நாலு மணி நேரத்து லோடு நடைக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. காலையில் எழுந்ததும் பேப்பரில் விபத்துச் செய்தியைத் தேடுவார். உளுந்தூர்பேட்டையில் யாரோ இறந்திருப்பார்கள். இவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். இருந்தும் என்னிடம் தேதியைக் கேட்பார், அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று.

நான் முதலில் திட்டினேன். நன்றாகவே திட்டினேன், என் வாய் அப்படி. அப்புறம் மந்திரித்தோம், கயிறு கட்டினோம். எதுவும் ஆகாமல் போகவே, நானே வண்டியில் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே போவேன். வண்டி குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார். "யாருமில்ல இல்ல?" நான் சொல்லுவேன். "பாத்துட்டங்க. யாருமில்ல. போங்க." கழுத்து வலித்தது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். புருஷனுக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று.

மலையில் உள்ளவர்கள் என்னையும் மிஞ்சிவிட்டார்கள். விஷயம் எப்படியோ ரோடு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் வண்டி வளைவில் திரும்பினால் போதும், கொள்ளு காயவைத்தவர்கள் எழுந்து வந்து ஒரு கோலால் செடியைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார்கள். "பாத்துக்கோண்ணா, ஒண்ணுமில்ல, தெகிரியமா போ." அறுப்பு முடிந்து ரோடு வெறுமையாகக் கிடந்த மாதங்களிலும் டீக்கடையில் இருந்து கையை ஆட்டி வழி விட்டார்கள். கேலி செய்ய ஒருவர் இல்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள். அத்தனை பேர் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, இவருக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது.

ஆடி மாதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். "ஒருத்தர இடிச்சிட்டங்க, புடிச்சி உள்ள வைங்க" என்றாராம். யாரை என்றால் தெரியாது. எங்கே என்றால் தெரியாது. எப்போது என்றால் தெரியாது. ஸ்டேஷனில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை போனபோது அங்கிருந்த பெண் போலீஸ் என்னை வரச்சொல்லி ஓரமாக அழைத்துப் பேசினார்.

"அக்கா, இவுரு பொய் சொல்லல. இது ஒரு சீக்கு. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரில இதுக்குன்னு ரூம் கீது. இட்டுகினு போங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "இனிமே நான் தொடமாட்டன் அம்சா. நான் ரோட்டுல கீறது ஊருக்கு ஆபத்து." வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. ஒரு மாதத்தில் சைக்கிளையும் விட்டார். அடுத்த மாதம் நடந்து போகும்போதும் யார் மேலாவது மோதியிருப்பேனோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசலுக்கே வரவில்லை. மலை ரோட்டையே கட்டி ஆண்ட மனிதர் கட்டிலுக்கும் கொல்லைக்கும் நடுவே சுருங்கிப்போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதர் எனக்குத் திரும்பி வருவாரா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கேள்வி.

ஐப்பசியில்தான் ஒருவழியாக அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். பிறகு பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே பேச்சாலேயே வைத்தியம் பார்க்கிற எழில்மதி என்று ஒரு பெண். என் மகள் வயசுதான் இருக்கும். ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு கட்டு வெள்ளைப் பேப்பர். இந்தப் பெண் என்னத்தைக் கிழிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

இவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு எப்பவாச்சும் பயங்கரமான நெனப்பு ஒண்ணு காரணமில்லாம வந்திருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்திருக்கிறது. பேத்தி தவழ்ந்து வரும்போது நான் அரிவாள்மணையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். ஒரு கணம் ஒரு நினைப்பு வந்தது. அதைச் சொல்லவே நாக்கூசியது. "வந்துச்சி மேடம். ச்சீன்னு தள்ளிட்டு அரிவாமணைய எட்டி வெச்சன். அப்புறம் மறந்துட்டன்," என்றேன்.

"எல்லாருக்கும் வரும்க்கா. எனக்கும் வரும். நீங்க தள்ளிட்டீங்க. அண்ணாவுக்குத் தள்ள முடியல, அது நெஜமான்னு விசாரிக்கப் போறாரு. யாருக்கும் கெடுதல் நெனக்காத மனுஷங்கதான் இதுல ஜாஸ்தி மாட்டுவாங்க."

என் வீட்டுக்காரர் அழுதார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் நீ இடிக்கவில்லை என்று சொல்லவில்லை. நீ யார் என்று சொன்னார்.

பிறகுதான் எனக்கு விழுந்தது அடி. யார் யார் இவருக்குத் தைரியம் சொல்கிறார்கள் என்று எழில்மதி கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். ஜன்னல், கழுத்து வலி, மலைக்காரர்கள், கோல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அக்கா, வாசல்ல வர்ற தெருநாய்க்கு ஒருநாள் சோறு போட்டா மறுநாள் இன்னா பண்ணும்?"

"மறுபடி வரும்."

"இந்தச் சந்தேகமும் அப்படித்தான். அண்ணா எறங்கிப் பாக்கறது ஒரு கவளம். நீங்க இல்லன்னு சொல்றது ஒரு கவளம். போட்டதும் அந்த நிமிஷம் அடங்கும். அடுத்த பள்ளத்துல ரெண்டு பங்கு பசியோட வந்து நிக்கும்."

"அப்போ சோறு போட்டு வளத்தது நான்தான்னு சொல்றியா?"

"நீங்களுந்தான்க்கா. ஆசையாலதான் போட்டீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெயிலில், வண்டியில், கழுத்து ஒடியத் திரும்பிப் பார்த்துச் சோறு தண்ணி இல்லாமல் கூடவே அலைந்தவள் நான். நேற்று வந்த பெண் என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டாள். அடுத்த வாரம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரே தனியாகப் போனார். வீட்டை விட்டு வராதவர், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறிப் போனார். வந்ததும் ஒரு பேப்பரைக் காட்டினார். அதில் ஏணி மாதிரி படம், படிக்குப் படி ஒரு வேலை, பக்கத்தில் பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று எண். கீழ்ப்படியில் சந்துக்குள் சைக்கிள், முப்பது. உச்சிப்படியில் பெரியம்மாளின் கொள்ளு, தொண்ணூற்றைந்து. ஒவ்வொரு படியிலும் ஒரே விதி. வண்டிக்கு முன்னால் எல்லோரும் பார்க்கிற அளவு நன்றாகப் பார்த்து ஓட்டலாம். கடந்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரையும் கேட்கக் கூடாது. பயம் தானாக இறங்கும்வரை அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"தானா எறங்குமா?" என்று கேட்டேன்.

"எறங்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நான் ஒருதரம்கூட உட்டுப் பாத்தது இல்ல அம்சா. அதுக்குள்ள எறங்கிப் போயிப் பாத்துடறன்."

அன்றைக்குச் சாயங்காலம் சந்துக்குள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து நின்றார். முகம் வேர்த்திருந்தது. "கோடி வூட்டாண்ட ஒரு கோழி ஓடிச்சே, அது மேல ஏறல இல்ல?" என்று என்னைக் கேட்டார். என் வாய் திறந்துவிட்டது. இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் கண்ணைப் பார்த்தேன். பசித்த ஒன்று அந்தக் கண்ணுக்குப் பின்னால் எனக்காகக் காத்திருந்தது. அந்தப் பெண் சொன்னது நிஜம் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோனது. வார்த்தையை விழுங்கிவிட்டு, "தெரியலீங்க" என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன கடினமான வார்த்தை அதுதான்.

படிப்படியாக ஏறினார். மார்கழியில் வண்டியைத் தொட்டார். தை மாதம் எழில்மதியே ஒருநாள் நடுவில் உட்கார்ந்து வந்தாள், ரிஷிவந்தியம் ரோட்டில் அத்தனை வேகத்தடையும் தாண்டினார். சில நாள் தோற்றார். தோற்ற நாளில் பேசமாட்டார், சாப்பிடமாட்டார். மறுநாள் அதே படியில் மறுபடி காலை வைப்பார்.

கடைசிப் படிக்கு ஒரு இடைஞ்சல் இருந்தது. மலைக்காரர்கள். இவர் வந்தால் கோலோடு ஓடி வருவார்களே. எழில்மதி சொல்வதற்கு முன்பே நான் பஸ் ஏறிவிட்டேன். வெள்ளிமலை வரைக்கும் எங்கெல்லாம் கொள்ளு காய்கிறதோ அங்கெல்லாம் இறங்கினேன். "எங்க வூட்டுக்காரரு வந்தா ஒண்ணும் காட்டாதீங்க, ஒண்ணும் சொல்லாதீங்க" என்று கும்பிட்டுக் கேட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். பெரியம்மாளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"ஒரு மனுஷன் பயந்துகினு வரான். இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும் எனக்கு?"

"உனக்குக் கொறயாது பெரியம்மா. அவுருக்கு ஜாஸ்தியாயிடும். நானும் ஒரு வருஷம் உன்ன மாதிரிதான் சொல்லிகினு இருந்தன்."

அவள் கோலை ஓரமாகப் போட்டாள். "சரி, வண்டிச் சத்தம் கேட்டா மொகத்தத் திருப்பிக்கிறன்," என்றாள். என் நம்பரையும் வாங்கிக்கொண்டு அவள் நம்பரையும் கொடுத்தாள்.

அந்த நாள் எழில்மதி வரவில்லை. "நான் கூட வந்தா நானே அண்ணாவுக்கு ஒரு தாயத்து ஆயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள். "நீங்களும் திரும்பிப் பாக்காதீங்க அக்கா. பாத்துட்டு இல்லன்னு சொல்லாம இருக்கறது ரொம்பக் கஷ்டம். பாக்காமலே இருந்துடுங்க."

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். ஆரன் இல்லை, பாட்டு இல்லை. ஐந்தாவது வளைவு முடிந்ததும் தெரிந்தது. ரோட்டில் பாதி அகலத்துக்குப் பழுப்பாகக் கொள்ளுச்செடி. ஓரத்தில் புளியமரத்தடியில் பெரியம்மாள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் சொன்ன மாதிரியே முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் வேகத்தைக் குறைத்தார். முன்னால் பார்த்தார். ரோட்டில் ஆள் இல்லை. ஏற்றினார். டயருக்கடியில் காய்கள் படபடவென்று வெடித்தன. நடுவில் பின்சக்கரம் ஒருதரம் எழும்பி இறங்கியது.

அவர் கால் பிரேக்குக்குப் போனதைப் பார்த்தேன். அங்கேயே நின்றது. பிறகு விலகியது. வண்டி செடியைத் தாண்டியது, வளைவைத் தாண்டியது. அரை கிலோமீட்டர் மேலே, ரோடு அகலமாக இருக்கிற இடத்தில், பலாமரத்தடியில் நிறுத்தினார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"எவ்ளோங்க?" என்று கேட்டேன். அது மட்டும் கேட்கலாம் என்று எழில்மதி அனுமதித்திருந்தாள்.

"தொண்ணூத்தஞ்சு."

சட்டை முழுக்க நனைந்துவிட்டது. மூச்சு வாயால் வாங்கினார். "அம்சா, இன்னாமோ ஏறி எறங்கிச்சி. நீ பாத்த இல்ல?"

"இல்லீங்க. நான் பாக்கல."

"ஒருக்கா எறங்கிப் பாத்துட்டு வந்துடறன். ஒரே ஒருக்கா."

நான் தடுக்கவில்லை. கையைக்கூடப் பிடிக்கவில்லை. அவர் கதவைத் திறந்தார். ஒரு காலைக் கீழே வைத்தார். அப்படியே இருந்தார். ஒரு பஸ் எங்களைத் தாண்டி ஏறிப் போனது. பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அப்போதுதான் எனக்கு அது வந்தது. பெரியம்மாளின் இடுப்பில் குழந்தை இல்லை. போன வருஷம் இடுப்பில் இருந்த குழந்தை இந்த வருஷம் நடக்கும். அது எங்கே இருந்தது? நான் பார்க்கவில்லை. ஏதாவது என்றால் பெரியம்மாள் கத்தியிருக்க மாட்டாளா என்று அறிவு சொன்னது. இன்ஜின் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்குமா என்று இன்னொன்று கேட்டது. கத்தியிருந்தால் பஸ்காரன் நிறுத்திச் சொல்லியிருப்பானே என்றேன். அவனுக்கு என்ன தெரியும் என்றது. நான் சொல்கிற ஒவ்வொரு பதிலுக்கும் அது ஒரு கேள்வி வைத்திருந்தது. இதையா இந்த மனுஷன் ஒரு வருஷமாக, ஒவ்வொரு பள்ளத்திலும், தனியாகச் சுமந்துகொண்டிருந்தார்? நான் இவரைத் திட்டினேனே.

திரும்பி அவரைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண் திறந்திருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

"தொண்ணூத்தஞ்சு," என்றார் மறுபடி. மரத்து நிழல் ஒரு சாண் நகர்ந்தது. மேலே பலாப்பிஞ்சுகளுக்கு நடுவே ஒரு அணில் ஓடியது. "தொண்ணூறு." நான் நம்பவில்லை, கணக்குக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. "எம்பது." பிறகு மறுபடி தொண்ணூறு. பிறகு எழுபது. யாரும் எதுவும் செய்யவில்லை. மருந்து கொடுக்கவில்லை, விபூதி பூசவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. ஒரு மனிதன் ஓடாமல் உட்கார்ந்திருந்தான், அவனைத் தின்ன வந்த ஒன்று நின்று நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது. அது போவதை நான் அவர் கழுத்து நரம்பில் பார்த்தேன், மூச்சில் கேட்டேன், ஸ்டியரிங்கில் ஒவ்வொன்றாக விரல் தளர்ந்ததில் எண்ணினேன். மனசு என்று ஒன்று உள்ளே இருக்கிறது, அதற்குத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளத் தெரியும் என்று ஐம்பது வயசுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிய வந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அவர், "முப்பத்தஞ்சு," என்றார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "பசிக்கிது அம்சா," என்றார்.

வெள்ளிமலைக்கு மேலே கிழங்கு ஏற்றினோம். அன்றைக்கு மில் ஆத்தூர்ப் பக்கம், அதனால் கருமந்துறை வழியாக மலையின் அந்தப் புறம் இறங்கவேண்டும். பெரியம்மாளின் ரோட்டுக்குத் திரும்ப வரப்போவதில்லை. எழில்மதி வேண்டுமென்றேதான் அந்த லோடைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

கருமந்துறையில் ஒரு ஓட்டலில் நிறுத்தினார். நாலு பரோட்டா வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வருஷமாக அரை வயிறு சாப்பிட்டவர் சால்னாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நான் என் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்தேன். அந்தக் குழந்தை. நடக்கிற குழந்தை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து ஓட்டலுக்குப் பின்னால் போனேன். ஃபோனை எடுத்தேன். பெரியம்மாளின் பெயரைத் தேடினேன். கேட்டுவிட்டால் போதும். ஒரே ஒரு தடவை. அவருக்குச் சொல்லப்போவதில்லை, எனக்காகத்தான்.

"பெரியம்மாளுக்கா?"

பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

"புள்ள அவ இடுப்புல இல்லீங்க," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நானும் பாத்தன்," என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பலாமரத்தடியில் தொண்ணூற்றைந்தில் இருந்தபோதே தெரிந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். என் கையிலிருந்த ஃபோனை அவர் பிடுங்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க," என்றேன்.

"எனக்கும் தெரியாது அம்சா." மெதுவாகத்தான் சொன்னார். ஓட்டல் சுவரோரம் ஒரு சிமெண்ட் கட்டை கிடந்தது. அதன்மேல் இருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு, எனக்கு இடம்விட்டு உட்கார்ந்தார். "எவ்ளோ கீது உனக்கு?"

"எம்பதுக்கு மேல."

"வா, உக்காரு. எறங்கும்."

ஃபோனை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.